வந்தவர் கணக்கும் நலம் பெற்றவர் கணக்கும்



கல்விச் சங்கத்தின் வெள்ளி விழாவில் சுகாதார நிலையத்தைப் பற்றிப் பேசுவானேன் எனச் சிலர் எண்ணக்கூடும். கணக்கிடவும் கேள்வி கேட்கவும் கற்றுத் தருவதே கல்வி. அக்கல்வி நம் மக்களின் உயிரைக் காக்கவும் பயன்பட வேண்டாமா?

சுகாதார நிலையம் நன்கு நடைபெறுகிறதா என வினவினால், நாள்தோறும் வரும் புறநோயாளிகளின் தொகையைக் காட்டுவது வழக்கம். அது வாசற்படி ஏறியவர்களின் கணக்கு. நலம் பெற்றவர்களின் கணக்கு அன்று. இரத்த அழுத்தத்திற்கு மாத்திரை பெறுவோருள் எத்தனை பேருக்கு அழுத்தம் 140/90-க்குக் கீழ் இறங்கிற்று? காசநோய் மருந்தைத் தொடங்கியவருள் இடையில் நிறுத்தாமல் முடித்துக் குணமடைந்தோர் எத்தனை பேர்? உயிருடன் பிறந்த 1,000 குழந்தைகளுள் ஓராண்டு நிறையுமுன் மறைந்தவை எத்தனை? இவையே உரைகல்.

மராட்டிய மாநிலத்து ஜாம்கேட் வட்டாரத்தில் 1970-ஆம் ஆண்டு மருத்துவர்களான ரஜனிகாந்த் அரோலே, மேபல் அரோலே தம்பதியர் தம் பணியைத் தொடங்கினர். நோயாளி வரட்டும் என்று அவர்கள் காத்திருக்கவில்லை. ஊர்தோறும் ஒரு பெண்மணிக்குப் பயிற்சி அளித்தனர். அவருள் எழுத்தறியாதவர் பலர். தலித் பெண்களும் இருந்தனர். அவர்கள் வீடுவீடாகச் சென்று குழந்தைகளின் எடையைப் பார்த்தனர், கர்ப்பிணிகளைக் கவனித்தனர், வயிற்றுப்போக்குக்கு உப்பும் சர்க்கரையும் கலந்த நீர் கொடுக்கக் கற்பித்தனர். குழந்தைச் சாவு பெரிதும் குறைந்தது. 1979-இல் அவ்விருவருக்கும் மகசேசே விருது கிடைத்தது. நிலையத்திற்கு வராத வீட்டையும் கணக்கில் சேர்த்ததே அப்பணியின் சிறப்பு.

இங்கே நாம் விழிப்பாயிருத்தல் வேண்டும். சாவு குறைந்தால் அது முழுதும் நிலையத்தால் விளைந்தது என்று முடிவு கட்டலாகாது. நல்ல குடிநீரும், உணவும், சாலையும் காரணமாயிருக்கலாம். ஆதலின் முன்னைய ஆண்டுகளோடும் அண்டை ஊர்களோடும் ஒப்பிட்டே மதிப்பிடல் முறை. மேலும், ஊரின் சராசரிக்குள் சேரியின் துயரம் மறைந்துவிடும். ஊர் முழுதும் முன்னேறியதாகக் கணக்குக் காட்டும். நம் தெருவில் தொட்டில்கள் வெறுமையாய்க் கிடக்கும். எனவே தெருவாரியாகக் கணக்குக் கேட்பது நம் உரிமை.

இளைஞர்களே, தெருவுக்கு ஒரு குறிப்பேடு தொடங்குவோம். பிறப்பு, பிறந்த எடை, இறப்பு, சிகிச்சையை இடையில் விட்டவர், விட்டதன் காரணம் ஆகியவற்றைக் குறிப்போம். கூலி இழப்பா, பேருந்து இல்லாமையா, அங்கே கேட்ட இழிசொல்லா என்பது அப்போது விளங்கும். நோயாளியின் பெயர் வெளியே போகலாகாது; தொகை மட்டும் கிராம சபைக்குப் போகட்டும். செவிலியரையும் மருத்துவரையும் பகைப்பதற்கன்று, அவர்தம் பணி நம் கடைசி வீடு வரை எட்டுவதற்கே இக்கணக்கு.

கற்ற கணக்கு நம் குழந்தைகளைக் காக்கட்டும்.