முள்ளெலி சுமந்த ஆப்பிள்

வீட்டில் ஒருவர் சிறைக்குப் போய்விட்டால் பிள்ளைகளிடம் முதலில் சொல்வது பெரும்பாலும் ஒரு பொய்தான். "அப்பா துபாய்க்கு வேலைக்குப் போயிருக்கார்." நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார்கள். ஆனால் துபாயிலிருந்து வரும் கடிதத்தில் சிறை முத்திரை இருக்காதே! அதனால் கடிதமே வேண்டாம் என்று ஆகிவிடுகிறது.

1898-இல் இத்தாலியின் சார்டினியாத் தீவிலும் ஒரு வீட்டில் இப்படித்தான். பதிவு அலுவலகத்தில் வேலை பார்த்த அப்பா, பணம் கையாடினார் என்று கைதானார். ஐந்து வருடத்துக்கு மேல் உள்ளே இருந்தார். ஏழு வயது மகனிடம் அம்மா விஷயத்தை மறைத்தாள். ஊர் வாயை மூட முடியுமா? பையனுக்குத் தெரிந்துபோயிற்று. அந்தப் பையன்தான் பின்னாளில் இத்தாலியக் கம்யூனிஸ்ட் தலைவரான அந்தோனியோ கிராம்சி.

கிராம்சியை 1926 நவம்பரில் முசோலினி அரசு பிடித்து உள்ளே போட்டது. பிறகு இருபது ஆண்டுக்கு மேல் தண்டனை. மனைவி ஜூலியா மாஸ்கோவில். மூத்தவன் டெலியோவுக்கு இரண்டு வயது. இளையவன் ஜூலியானோ பிறந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. அவனைக் கிராம்சி கடைசிவரை கண்ணால் பார்க்கவே இல்லை. அந்த வீட்டிலும் அப்பா சிறையில் இருப்பதைப் பிள்ளைகளிடம் சொல்லவில்லை. கிராம்சிக்கு அது பிடிக்கவில்லை. பட்டவர் அல்லவா!

தொலைவில் வளரும் பிள்ளைக்கு என்ன எழுதுவது? அவரும் தவித்திருக்கிறார். 1932 பிப்ரவரியில் டெலியோவுக்கு எழுதிய கடிதத்தில் ஒரு வழி கண்டுபிடித்தார். சிறுவயதில் ஒரு நிலா இரவில், நண்பனோடு பழத்தோட்டத்துப் புதரில் ஒளிந்திருந்த கதை. முள்ளெலிகள் வரிசையாக வருகின்றன, பெரிசு இரண்டு, குட்டி மூன்று. பெரிசு இரண்டும் மரத்தில் ஏறிக் கிளையை ஆட்டுகின்றன. ஆப்பிள்கள் பொத்பொத்தென்று விழுகின்றன. உருண்டு புரண்டு, முதுகு முள்ளில் பழத்தைக் குத்திக்கொண்டு வீட்டுக்குக் கிளம்புகின்றன. பையன்கள் பாய்ந்து பிடித்துச் சாக்கில் போட்டுக்கொள்கிறார்கள். நம் தூத்துக்குடிப் பக்கத்துத் தேரிக்காட்டிலும் முள்ளெலி உண்டு; அது ஆப்பிள் சுமக்குமா என்று என்னைக் கேட்காதீர்கள். கேட்க வேண்டியவன் டெலியோ. அவனுக்கும் அப்போது ஏழு வயது.

"நன்றாகப் படி, அம்மா சொன்னபடி கேள்." சிறையிலிருந்து வரும் பல கடிதங்கள் இந்த இரண்டு வரியோடு முடிந்துவிடும். அதற்குப் பிள்ளை என்ன பதில் எழுதும்? "சரிப்பா" என்று எழுதலாம். முள்ளெலிக் கதைக்கோ பத்துக் கேள்வி கேட்கலாம்.

கிராம்சியின் கடிதங்கள் பிள்ளைகள் கைக்குப் போய்ச் சேர்ந்ததில் ஒரு பெண்ணுக்குப் பெரிய பங்கு உண்டு. ஜூலியாவின் அக்கா தத்தியானா. இத்தாலியிலேயே தங்கி, சிறைக்கு மருந்தும் துணியும் அனுப்பி, வந்த கடிதங்களைப் படியெடுத்து, மாஸ்கோவுக்குச் சேர்த்தவர் அவர். அங்கிருந்து வரும் பிள்ளைகள் செய்தியையும் அவரே சிறைக்கு எழுதினார். கடிதம் ஓட இப்படி ஓர் அத்தையோ சித்தியோ பெரியம்மாவோ வேண்டியிருக்கிறது. மனு போட்டுப் பார்க்கப் போகும்போது பிள்ளை வரைந்த படத்தைக் கொண்டுபோய்க் காட்டுவதும், பல் விழுந்ததையும் பூனை குட்டி போட்டதையும் சொல்வதும்கூட இந்த வேலைதான். உள்ளே இருப்பவருக்கு அடுத்த கடிதம் அதிலிருந்துதான் பிறக்கும்.

எழுதத் தெரியாதவர் என்றால் இன்னொருவர் எழுதிக் கொடுக்கலாம். சொல்லச் சொல்ல அப்படியே எழுதவேண்டும். திருத்தி அழகாக்கினால் பிள்ளைக்கு அது அப்பா பேச்சாக இராது. இங்கிலாந்தில் ஓர் அமைப்பு, சிறைக் கைதிகளைக் கதை படிக்கவைத்துக் குரலைப் பதிவுசெய்து பிள்ளைகளுக்கு அனுப்புகிறது. அதுவும் ஒரு கடிதந்தான்.

கடைசி ஆண்டுகளில், பார்த்தே இராத அந்தச் சின்னவன் ஜூலியானோ அப்பாவிடம் முக்கியமான விஷயங்களை எழுதச் சொல்லிக் கேட்டான். கிராம்சி திருப்பிக் கேட்டார்: உனக்கு எது முக்கியமான விஷயம், முதலில் அதைச் சொல்.