இறக்கத்தில் முழங்காலைக் காப்போம்

(தோட்டத்து மாதாந்தக் கூட்டத்தில் நலன்புரி உத்தியோகத்தர் பேசியது)



போன ஐப்பசி மழையில் நடந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். பகல் நிறுவைக்குக் கொழுந்தோடு இறங்கி வந்த ஒரு அக்கா, கானைத் தாண்டும்போது சறுக்கிவிட்டார். பாதம் சேற்றில் பதிஞ்சு நிக்குது, உடம்பு மட்டும் திரும்பிருச்சு. உள்ளே ‘டக்’கென்று சத்தம் கேட்டதாம். பின்னேரத்துக்குள் முழங்கால் வீங்கிவிட்டது. வீட்டில் எண்ணெய் போட்டு உருவினார்கள். மூன்று கிழமையில் வீக்கம் வற்றியதும் மலைக்குப் போய்விட்டார். பேர் விழாவிட்டால் சம்பளம் இல்லை, அவரை நாங்கள் எப்படிக் குறை சொல்வது? பத்தாம் நாள் சமதரையில் நடக்கும்போதே அந்தக் கால் மடிந்து விழுந்தார். பிறகுதான் ஆஸ்பத்திரி. முழங்காலுக்குள் நார் அறுந்திருக்கிறது என்றார் டொக்டர்.

அது என்ன நார்? முழங்கால் என்றால் கதவுப் பிணைச்சல் மாதிரி என்று நினைக்கிறோம். அப்படி இல்லை. தொடை எலும்பின் உருண்டை நுனி, கீழ்க்கால் எலும்பின் தட்டையான தலைமேல் உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான். எலும்பை எலும்போடு கட்டி வைத்திருப்பவை முக்கியமாக நாலு நார்கள். டொக்டர்மார் இதை லிகமென்ட் என்பார்கள். உள்பக்கம் ஒன்று, வெளிப்பக்கம் ஒன்று. நடுவில் பெருக்கல் குறி போல இரண்டு. அந்த இரண்டில் முன் குறுக்கு நார்தான் கீழ்க்கால் எலும்பு முன்னால் வழுக்கிப் போகாமல் இழுத்துப் பிடிக்கிறது. கால் முறுகாமலும் பார்க்கிறது.

கூடைக் கயிற்றை யோசித்துப் பாருங்கள். முதலில் இழுத்தால் சுருள் நிமிரும். மேலும் இழுத்தால் விறைக்கும். அதற்கும் மேலே போனால் இழை இழையாக அறும். நாரும் அப்படித்தான். 1991ஆம் ஆண்டு அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் சாவியோ வூ என்பவரும் கூட்டாளிகளும், இறந்தவர்களின் முழங்கால்களில் இந்த முன் குறுக்கு நாரை இழுத்துப் பார்த்தார்கள். 22 முதல் 35 வயதானவர்களின் நார் ஏறக்குறைய 220 கிலோ இழுப்பில் அறுந்தது. 40 முதல் 50 வயதில் 150 கிலோ. 60க்கு மேலே 67 கிலோதான். இருபது வயதில் ஓடி இறங்கின அதே இறக்கத்தில் ஐம்பது வயதிலும் ஓடலாமா என்பதற்கு இதில் பதில் இருக்கிறது.

ஏற்றம்தான் கஷ்டம் என்று எல்லோரும் சொல்கிறோம். மூச்சுக்கு அது சரி. முழங்காலுக்கு இறக்கம்தான் கஷ்டம். 2010இல் ஜெர்மனியில் பெர்லின் நகரத்தில், பாரத்தை அளக்கும் கருவி வைத்த செயற்கை முழங்கால் பொருத்திய ஐந்து பேரை நடக்கவிட்டு அளந்தார்கள். சமதரையில் நடந்தால் உடம்பு எடையைப்போல் இரண்டரை மடங்குக்கு மேல் முழங்காலில் விழுகிறது. படி ஏறினால் மூன்று மடங்குக்குச் சற்று மேல். படி இறங்கினால் ஏறக்குறைய மூன்றரை மடங்கு. 50 கிலோ எடையுள்ள அக்கா வெறுங்கையோடு இறங்கினாலே 170 கிலோ அளவு. முதுகில் 15 கிலோ ஈரக் கொழுந்தும் இருந்தால் இருநூறைத் தாண்டும்.

இந்தப் பாரம் முழுக்க நாரில் விழுவதில்லை. பெரும்பங்கை எலும்பு தாங்குகிறது. பாதம் நேராக இருந்து, முழங்கால் கொஞ்சம் மடங்கி, தொடைச் சதை இறுகியிருந்தால் நார் பிழைத்துக்கொள்ளும். கால் விறைப்பாக நீண்டிருக்கும்போது பாதம் பதிந்து உடம்பு திரும்பினால்தான் ஆபத்து. ஆகவே மழை நாளில் எட்டைச் சின்னதாக வையுங்கள். திரும்ப வேண்டுமானால் பாதத்தைத் தூக்கி வைத்துத் திரும்புங்கள். சாக்கு நிறையும்வரை காத்திருக்காமல் நிறுவைக்கு நிறுவை இறக்கிவிடுங்கள். கங்காணிமார் கான் ஓரத்துப் படிகளை மழைக்கு முன்னமே வெட்டி வைத்தால் பாதி விபத்து குறையும். இதை நாங்கள் பலமுறை சொல்லிவிட்டோம்.

அடிபட்டால் அன்றைக்கே உருவக் கூடாது. ஈரத்துணி வைத்து, துணியால் சுற்றி, காலை உயர்த்தி வையுங்கள். சத்தம் கேட்டு, சில மணித்தியாலத்துக்குள் வீங்கினால் டொக்டரிடம் போயே ஆக வேண்டும். உள்பக்க நாருக்கு இரத்த ஓட்டம் உண்டு. அது பெரும்பாலும் வெட்டாமலே ஆறும். முன் குறுக்கு நார் முழுதாக அறுந்தால் தானாகச் சேர்வது குறைவு. வீக்கம் வற்றுவது வேறு, நார் ஆறுவது வேறு. அந்த அக்கா ஏமாந்தது இதில்தான். ஓய்வில் கிடந்த காலில் நாரும் சதையும் மெலிந்துவிடும், பலம் திரும்ப மாதங்கள் எடுக்கும். ஆகவே திரும்பி வருகிறவருக்கு முதல் நாளே இறக்கத்து மலையைக் கொடுக்காமல், ரோட்டோரத்திலோ தவறணையிலோ லேசான வேலை கொடுக்கும்படி நாங்கள் கேட்டு வருகிறோம்.

இன்னொன்று. வேலையில் விழுந்தால், சின்னதாக இருந்தாலும், அன்றைக்கே சொல்லிப் பதிய வையுங்கள். 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வேலையாட்கள் நட்டஈட்டுச் சட்டம் நமக்கும் உண்டு. பதியாத விபத்தைப் பிறகு நிரூபிப்பது பெரிய பாடு. அந்த அக்காவின் முதல் விழுகை எந்தப் புத்தகத்திலும் இல்லை.

அவர் இப்போது பிள்ளைக் காம்பராவில் உதவிக்கு இருக்கிறார். நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டித் தொடையை இறுக்கும் பயிற்சி தினமும் செய்கிறார். அடுத்த கூட்டத்தில் அவரே செய்து காட்டுவார். ஆளுக்கொரு ஸ்டூல் கொண்டு வாருங்கள்.