தொண்டைநோவிலிருந்து இதயத்துக்கு

(நூற்றாண்டு ஒன்றுகூடலில் பழைய மாணவி ஒருவர் ஆற்றிய உரை)



மருத்துவம் பற்றி ஏதாவது பேசுங்கள் என்று செயலாளர் கேட்டபோது, நீரிழிவு, முழங்கால் நோவு என்று எங்கள் வயதுக்குப் பொருத்தமான ஒன்றைத்தான் எதிர்பார்த்திருப்பார். நான் எட்டாம் வகுப்பில் எனக்குப் பக்கத்து மேசையில் இருந்த ஒருத்தியைப் பற்றிப் பேசப் போகிறேன். அவளும் இந்த மண்டபத்தில்தான் இருக்கிறாள். பெயரை மட்டும் சொல்லாதே என்று அனுமதி தந்திருக்கிறாள்.

அந்த வருடம் இரண்டாம் தவணையில் அவளுடைய கையெழுத்து திடீரென்று கெட்டுப்போனது. பேனை கையில் நிற்காது. தண்ணீர்க் கோப்பை தவறி விழும். முகம் தானாகச் சுளிக்கும். பழிப்புக் காட்டுகிறாள் என்று வகுப்புக்கு வெளியே நிற்க வைத்தார்கள். நாங்கள் சிரித்தோம், நானும்தான். சில மாதங்களுக்கு முன் விடுதியில் பலருக்குத் தொண்டைநோவும் காய்ச்சலும் வந்து போனதை ஒருவரும் இதோடு சேர்த்துப் பார்க்கவில்லை.

அது குறும்பு அல்ல, நோய் என்பதை மருத்துவ பீடத்தில்தான் படித்தேன். தோமஸ் சிடன்ஹாம் என்ற ஆங்கில வைத்தியர் 1686 இலேயே அந்த ஆட்டத்தை விவரித்திருக்கிறார். வாதக் காய்ச்சலின் ஒரு முகம் அது. ஆண்பிள்ளைகளைவிடப் பெண்பிள்ளைகளுக்கே கூடுதலாக வரும். சில மாதங்களில் தானாக மாறியும் விடும். மாறாமல் நிற்பது இதயத்தில் விழுந்த தழும்பு.

தொண்டையில் இருந்த கிருமி இதயத்துக்கு எப்படிப் போனது? போகவே இல்லை. கெட்டுப்போன வால்வை வெட்டி எடுத்து வளர்த்துப் பார்த்தாலும் அந்த ஸ்ரெப்ரோகொக்கஸ் பற்றீரியா அங்கே கிடைக்காது. போனது எங்களுடைய சொந்தக் காவற்படை.

அந்தப் படையில் ரி கலம் என்று ஒன்று உண்டு. அது கிருமியை முழுதாகப் பார்ப்பதில்லை. வேறு கலங்கள் கிருமியின் புரதத்தைத் துண்டு துண்டாக வெட்டி, ஒரு சிறு துண்டைத் தங்கள் மேற்பரப்பில் ஏந்திக் காட்டும். அதை மட்டும் தொட்டுப் பார்த்து ரி கலம் தீர்ப்புச் சொல்லும். எங்கள் காலத்து மாணவத் தலைவியர் தூரத்தில் தெரிந்த இரட்டைப் பின்னலை வைத்தே பெயர் எழுதிக்கொள்வார்கள், நினைவிருக்கிறதா? எத்தனை தரம் ஆள் மாறியது! இந்தப் பற்றீரியாவின் மேலுறையில் உள்ள எம் புரதமும் எங்கள் இதயத் தசையின் மயோசின் புரதமும் ஒரேமாதிரி முறுக்கிய பின்னல்கள்.

சொந்த உடலைத் தாக்கக்கூடிய ரி கலங்களைத் தைமஸ் சுரப்பி சிறு வயதிலேயே களைந்துவிடுகிறது. ஆனால் பலமாகப் பற்றுபவைதான் அங்கே அகப்படும். மெல்லப் பற்றுபவை தப்பிவிடும். எல்லாவற்றையும் களைந்தால் காவலுக்கு ஆள் இராது. கிருமிகளோ கணக்கற்றவை. ஒரே ஒரு ரி கலம் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட வெவ்வேறு துண்டுகளை அடையாளம் காணக்கூடும் என்று 2012 இல் ஓர் ஆய்வு காட்டியது. அந்தத் தாராளம் இருப்பதால்தான் உயிரோடு இருக்கிறோம். அதனால்தான் ஆளும் மாறுகிறது.

இது வெறும் ஊகமல்ல. 1995 இல் பிறேசிலின் சாவோ பாவுலோ ஆய்வாளர்கள், வாதக் காய்ச்சலால் கெட்டுப்போன இதயங்களிலிருந்தே ரி கலங்களை எடுத்து வளர்த்தார்கள். அவற்றுள் சில, கிருமியின் துண்டுக்கும் இதயப் புரதத்துக்கும் ஒன்றுபோலவே கிளர்ந்தெழுந்தன. முதலில் பிறபொருளெதிரிகள் வால்வின் மெல்லிய தோலைப் புண்ணாக்கும். அந்த வழியால் ரி கலங்கள் உள்ளே நுழையும். புண் ஆறும்போது வால்வு தடித்துச் சுருங்கும். அடுத்த தொண்டைநோவில் பழைய ரி கலங்கள் மறுபடி விழித்துக்கொள்ளும்.

அந்த அடுத்த தொண்டைநோவைத் தடுக்கத்தான் மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை பென்சதீன் பெனிசிலின் ஊசி. பொல்லாத நோவு ஊசி. பல வருடம் போடவேண்டும். என் தோழி ஒழுங்காகத்தான் போட்டாள், கல்யாணப் பேச்சு வரும் வரைக்கும். மாதாமாதம் கிளினிக்குக்குப் போகிற பெண் என்று தெரிந்தால் சம்பந்தம் குழம்பும் என்று வீட்டில் நிறுத்திவிட்டார்கள். கேட்டபோது நானும், இவ்வளவு காலம் போட்டது காணும்தானே என்றேன். அப்போது நான் இரண்டாம் வருட மாணவி. அந்தச் சொல்லை இன்றைக்கும் திரும்ப எடுக்க முடியவில்லை.

முதற் பிள்ளை வயிற்றில் ஏழாம் மாதம், இரவில் படுக்க முடியாமல் மூச்சு முட்டியது. கர்ப்பகாலத்தில் கூடும் இரத்தத்தைச் சுருங்கிய வால்வு விடவில்லை. தாயும் பிள்ளையும் தப்பினார்கள். பிறகு வால்வுக்குச் சத்திரசிகிச்சை நடந்தது. அந்தப் பிள்ளைதான் இன்று அம்மாவைக் காரில் கூட்டிவந்திருக்கிறார். உங்களுக்கு வந்த அழைப்பிதழ் உறைகளில் முகவரி எழுதியதும் என் தோழிதான்; கையெழுத்தைப் பார்த்திருப்பீர்கள்.

தொண்டைநோவு எல்லாம் இப்படிப் போவதில்லை. பெரும்பாலானவை வைரசால் வருபவை, தானாக மாறும். ஆனால் இருமலோ தடிமனோ இல்லாமல், காய்ச்சலோடும் கழுத்தில் நெரியோடும் விழுங்க முடியாத நோவு பிள்ளைக்கு வந்தால் வைத்தியரிடம் காட்டுங்கள். தொடங்கி ஒன்பது நாளுக்குள் பெனிசிலின் கொடுத்தாலே வாதக் காய்ச்சலைத் தடுக்கலாம். சிறுவயதில் இந்த ஊசி போட்டு, பிறகு கனடாவுக்கோ லண்டனுக்கோ போய்விட்டவர்கள் இங்கே இருந்தால், அங்குள்ள வைத்தியரிடம் அதை நீங்களே சொல்லுங்கள். அந்த நாடுகளில் இந்த நோய் அரிதாகிவிட்டது, அவர்களாகக் கேட்கமாட்டார்கள்.