கட்டிய வீட்டை யார் கையில் கொடுப்பது?

(வில்லியனூர், பாகூர் கொம்யூன் இளைஞர்களும் வணிகர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

அரசாங்கம் அடுக்குமாடிக் குடியிருப்பு கட்டித் தருகிறது. திறப்பு விழாவுக்கு அமைச்சர் வருகிறார், சாவி கொடுக்கிறார், புகைப்படம் எடுக்கிறார்கள். ஐந்தாறு வருடம் போனால் மாடிப்படி விளக்கு எரிவதில்லை. மோட்டார் ஓடுவதில்லை. கழிவுநீர்த் தொட்டி நிரம்பி வாசலில் வழிகிறது. அலுவலகத்துக்குப் போனால் நிதி இல்லை என்று பதில். "அரசால் முடியாவிட்டால் இலாப நோக்கமில்லாத சங்கங்களிடம் பராமரிப்பை விட்டுவிடட்டுமே, நம் ஜமாஅத்தே எடுத்து நடத்தலாமே" என்று இளைஞர்கள் சிலர் கேட்டார்கள். நல்ல எண்ணத்தில் பிறந்த கேள்விதான். ஆனாலும் உடனே தலையாட்ட எனக்கு மனம் வரவில்லை.

நம் கொம்யூன்களில் பெரும்பாலான ஏழைகள் சொந்த மனையில், இலவசப் பட்டா நிலத்தில், மானியம் வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள். அவர்கள் வீட்டு ஓட்டையை அவர்களே அடைத்துக்கொள்வார்கள். அடுக்குமாடியில் நிலைமை வேறு. படிக்கட்டும் தண்ணீர்த் தொட்டியும் எல்லோருக்கும் பொது. பொது என்றால் நம் ஊரில் யாருக்கும் சொந்தமில்லை என்று பொருள்!

பக்கத்துத் தமிழ்நாட்டைப் பாருங்கள். 1970ல் தொடங்கிய குடிசை மாற்று வாரியம் 2021ல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர் மாறியது. அதையொட்டி 'நம் குடியிருப்பு நம் பொறுப்பு' என்று ஒரு திட்டம் வந்தது. குடியிருப்போர் தங்களுக்குள் நலச்சங்கம் அமைத்துப் பதிவு செய்து, மாதந்தோறும் பராமரிப்புத் தொகை வசூலிக்க வேண்டும். அவர்கள் வசூலித்த தொகைக்குச் சமமான தொகையை அரசு தரும். கவனியுங்கள், வீட்டையே தூக்கிச் சங்கத்திடம் கொடுத்துவிடவில்லை. துடைப்பம், விளக்கு, மோட்டார் போன்ற அன்றாடப் பொறுப்பைத்தான் கொடுத்தார்கள். இது எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் இதிலும் ஒரு சிக்கல் உண்டு. பிழைப்புக்கு வழியில்லாமல் பெரும்பாக்கம் போன்ற தூரத்து இடத்தில் கொண்டுபோய் வைக்கப்பட்டவனிடம் மாதாந்தரத் தொகை எப்படிப் பிரியும்? வசூல் குறைந்தால் அரசின் பங்கும் குறையும். வறுமை அதிகமுள்ள கட்டடத்துக்கே உதவி குறைவாகப் போய்ச் சேரும்.

இங்கிலாந்தில் இன்னும் துணிந்து செய்தார்கள். 1988 முதல் நகராட்சி வீடுகளை மொத்தமாக வீட்டுவசதிச் சங்கங்களுக்கு மாற்றினார்கள். ஆனால் குடியிருப்போரிடம் வாக்கெடுப்பு நடத்தி, அவர்கள் சம்மதத்தைக் கேட்டார்கள். 2002ல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ மக்கள் சரி என்றார்கள். ஏறத்தாழ 80,000 வீடுகள் மறு ஆண்டு கைமாறின. அதே 2002ல் பர்மிங்காம் மக்கள் முடியாது என்றார்கள். நகராட்சி வீடுகள் நகராட்சியிடமே இருந்தன. வாடகைக்கு இருப்பவனிடம் கேட்டுச் செய்கிற அந்தப் பழக்கம் இங்கே உண்டா?

சரி, இலாப நோக்கமில்லை என்ற பெயர் மட்டும் காப்பாற்றுமா? லண்டனில் கிரென்ஃபெல் என்ற 24 மாடிக் கட்டடம். நகராட்சிக்குச் சொந்தமானது. நிர்வாகம் செய்தது இலாப நோக்கமில்லாத ஒரு குடியிருப்போர் அமைப்பு. அதன் நிர்வாகக் குழுவில் குடியிருப்போரின் பிரதிநிதிகளும் இருந்தார்கள். ஆபத்து வரும் என்று அங்கே வாழ்ந்தவர்கள் எழுதி எச்சரித்தார்கள். யாரும் காதில் வாங்கவில்லை. 2017 ஜூன் 14, ரமலான் இரவு, தீப்பிடித்து 72 உயிர்கள் போயின. ஸஹருக்காக விழித்திருந்த முஸ்லிம்கள் அக்கம்பக்கத்தார் கதவைத் தட்டி எழுப்பியதாகச் செய்திகள் வந்தன. அந்தக் கதவுகளுக்குள் எல்லா மதத்தவரும் இருந்தார்கள்.

இப்போது ஜமாஅத் விஷயத்துக்கு வருகிறேன். ஜமாஅத்தின் பதிவேட்டில் நம் மஹல்லாவாசிகள்தான் இருப்பார்கள். அரசுக் குடியிருப்பில் தலித் குடும்பம் இருக்கும், கிறிஸ்தவக் குடும்பம் இருக்கும், மீனவக் குடும்பம் இருக்கும். கூரை ஒழுகுகிறது என்று சொல்ல ஓர் இந்து விதவைத் தாய் முத்தவல்லியைத் தேடி வர வேண்டுமா? திருப்பியும் யோசியுங்கள். வேறொரு சமூகத்தின் சங்கம் நிர்வாகம் செய்து, வீடு ஒதுக்கும் அதிகாரமும் அதன் கைக்குப் போனால், நம் பெயரைக் கேட்டதும் என்ன நடக்கும்? பட்டணத்தில் வாடகை வீடு தேடிய இளைஞர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஆகவே ஒதுக்கீடு அரசிடமே இருக்கட்டும். நிர்வாகச் சங்கம் அந்தக் கட்டடத்தில் குடியிருக்கும் அனைவருடையதாக இருக்கட்டும்.

பொதுச் சொத்தை நடத்துவதில் நம் இலட்சணம் என்ன என்பதையும் சொல்லத்தான் வேண்டும். வக்ஃபு கடையில் இருந்துகொண்டு அந்தக் காலத்து வாடகையையே கொடுப்பவர்கள் நம் வணிகர்களிலும் உண்டு. யாரும் கோபிக்க வேண்டாம்!

புதுச்சேரிக்கே உரிய ஒரு குறையும் இருக்கிறது. 1968க்குப் பிறகு உள்ளாட்சித் தேர்தல் நடந்தது 2006ல். 38 வருட இடைவெளி. 2011ல் அந்தப் பதவிக்காலம் முடிந்தபின் மறுபடியும் ஆண்டுக்கணக்காகத் தேர்தல் இல்லை. கொம்யூன் பஞ்சாயத்துகளை அதிகாரிகளே நடத்தினார்கள். வாக்குப் போட்டுத் தட்டிக்கேட்க ஆளில்லாத ஊரில், சங்கம் தவறு செய்தால் யாரிடம் போய் முறையிடுவது? அதனால் ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்க வேண்டும்: குடியிருப்போர் பெரும்பான்மை வாக்களித்தால் சங்க நிர்வாகத்தை மாற்றலாம், சுவர், கூரை, தூண் போன்ற பெரிய பழுது வாரியத்தின் செலவு, பணம் கட்ட முடியாத குடும்பத்தை வெளியேற்றும் அதிகாரம் சங்கத்துக்கு இல்லை. இந்த மூன்றும் இல்லாத காகிதத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்.

வணிகர்களே, உங்களிடம் இன்று சந்தா கேட்கவில்லை. உங்களுக்குப் பேரேடு எழுதத் தெரியும், ரசீது பார்க்கத் தெரியும். மாதம் ஒரு மாலை அக்குடியிருப்புச் சங்கத்தாரோடு உட்கார்ந்து கணக்கெழுதக் கற்றுக்கொடுங்கள். இளைஞர்களே, வசூல் எவ்வளவு, செலவு எவ்வளவு என்று தெளிவாக எழுதி, மாதம் பிறந்ததும் மாடிப்படிக்குக் கீழே, எல்லா வீட்டாரும் கடந்து போகிற இடத்தில் ஒட்ட உதவுங்கள்.