ஏட்டுக் கணக்கும் மனக்கணக்கும்

தலைப்பு: நிறுவனத்தைக் காப்பது சட்டதிட்டமா? நிர்வாகிகளின் மனப்போக்கா?

நடுவர் அவர்களே! எதிரணி நண்பர்களே! வட்டக்கோட்டைக் கடற்காற்றில் கூடியிருக்கும் நாஞ்சில் நாட்டுப் பெரியோர்களே, தாய்மார்களே!

எதிரணி நண்பர், "விதி சரியா இருந்தா நிறுவனம் சரியா இருக்கும்"னு சொல்லிட்டு உட்கார்ந்தார். ஐயா, பால் சட்டியில "பூனை தொடக்கூடாது"ன்னு எழுதி வெச்சாப் போதுமா? பூனைக்குப் படிக்கத் தெரியணுமே! (சிரிப்பு) படிச்ச பூனைன்னா இன்னும் ஆபத்து. ரெண்டாம் பிரிவுல விதிவிலக்கு கண்டுபிடிச்சிடும்! (பலத்த சிரிப்பு)

இதோ நிக்குதே இந்தக் கோட்டை, இதைப் புதுப்பிச்சவர் யாரு? டிலனாய். டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் படையில் வந்தவர். அந்தக் கம்பெனி 1602-ல் பங்கு விற்று எழுந்தது. சாசனம் உண்டு, பதினேழு இயக்குநர்கள் உண்டு. ஏட்டில் ஒரு குறையும் இல்லை.

ஆனால் தலைக்குள்ளே? கொழும்பு ஆளுநர் வான் இம்ஹாப் 1739-ல் மலையாளக் கரைக்கு வந்தார். அவர் மனக்கணக்கு: 'மிளகு நம்முடையது. திருவிதாங்கூரை அடித்தால் அடங்கும்.' பட்டேவியாவில் இருந்த தலைமை ஆளுநர் வால்கெனியருக்கு வேறு மனக்கணக்கு. அவருக்குத் தன் வாசலில் மூண்ட கலகம்தான் பெரிசு. 1740-ல் அந்த இம்ஹாபையே கைது பண்ணிட்டார்! ஒரே கம்பெனி, ஒரே சாசனம், ரெண்டு தலைக்குள்ளே ரெண்டு உலகம். 1741-ல் குளச்சலில் நின்ற படைக்குப் பட்டேவியாவிலிருந்து போதிய உதவி வரவில்லை. தோற்றது.

டிலனாய் பிடிபட்டார். மார்த்தாண்ட வர்மா மகாராஜா அவரைக் கைதியாகப் பார்க்கவில்லை, வாத்தியாராகப் பார்த்தார். 'நம்ம படைக்குச் சொல்லிக்கொடு' என்றார். 1777-ல் இறக்கும்வரை டிலனாய் திருவிதாங்கூருக்கே உழைத்தார். உதயகிரிக் கோட்டையில் அவர் கல்லறைமேல் லத்தீனோடு தமிழும் எழுதியிருக்கு. ஆள் ஒருத்தர்தான். பார்க்கிற மனசு வேற! (கைதட்டல்)

'பழங்கதை' என்பீர்கள். 2008-க்கு வாங்க. சத்யம் கம்பெனி. இயக்குநர் குழுவில் பேராசிரியர்கள்கூட இருந்தாங்க. சிறந்த நிர்வாகத்துக்கு அந்த வருஷம் விருதும் வாங்கியாச்சு! (சிரிப்பு) தலைவர் குடும்பத்தின் ரெண்டு கம்பெனிகளை வாங்கத் தீர்மானம் வந்தது. குழு சரின்னு சொன்னது. பங்குதாரர்கள் கொதிச்ச பிறகே கைவிட்டாங்க. 2009 ஜனவரி 7-ல் கணக்கே பொய் என்று தலைவரே எழுதிக் கொடுத்தார்.

2013-ல் புதுச் சட்டம் வந்தது. பங்குச் சந்தையில் உள்ள கம்பெனிகளில் மூன்றில் ஒரு பங்கு சுயேச்சை இயக்குநர், ஒரு பெண்ணாவது குழுவில் இருக்கணும் என்றது. நல்ல சட்டம். ஆனால் சட்டம் நாற்காலிதான் போடும். உட்கார்ந்தவர்தானே வாய் திறக்கணும்?

ஊரான் கதை எதுக்கு? என் கதை சொல்றேன். ஒரு சிக்கன சங்கத்தில், பேச்சாளர்னு என்னையும் நிர்வாகக் குழுவில் போட்டாங்க. தீர்மானத்தைப் படிக்காமலே கையெழுத்துப் போடுவேன். என் மனக்கணக்கு: 'தலைவர் நல்லவர். கேட்டால் வருத்தப்படுவார்.' ஒருநாள் மீன் விற்கிற அம்மா ஒருத்தி, மகள் கல்யாணத்துக்குப் போட்ட பணத்தை எடுக்க வந்தாள். பெட்டியில் பணமில்லை. என்னைப் பார்த்து, "சாரே, ஒங்க பேரு இருக்குன்னுதானே நான் பணம் போட்டேன்?" என்றாள்.

மேடையில் எல்லாருக்கும் பதில் சொல்றவன், அவளுக்குப் பதில் சொல்ல முடியலே. விதிப்புத்தகம் மேஜைமேல் இருந்தது. பேனா என் கையில் இருந்தது. கேள்விதான் என் வாயில் இல்லை.

இடித்துச் சொல்ல ஆளில்லாத அரசன், பகைவன் இல்லாமலே கெடுவான் என்பது வள்ளுவர் கருத்து. வேறு விதமாக நினைக்கிறவரைப் பக்கத்தில் உட்கார வைக்கணும், அவர் சொல்றதைக் காது கொடுத்துக் கேட்கணும். அந்த மனசு இருந்தால்தான் சட்டத்துக்கே உயிர். எனவே நிறுவனத்தைக் காப்பது நிர்வாகிகளின் மனப்போக்கே என்று தீர்ப்பு வேண்டி அமர்கிறேன். (கைதட்டல்)