தூண்டில் முள்ளும் சேவல் இறகும்
(பழைய மாணவர் சங்கக் கூடுகையில் ஆற்றிய உரை)



"உன் பொழுதுபோக்கைப் பற்றிப் பத்து நிமிஷம் பேசு" என்று சங்கச் செயலாளர் சொன்னபோது, "சார், அது மீன் பிடிக்கிற சமாச்சாரம், அதுவும் பொய் ஈயை வைத்து" என்றேன். "பரவாயில்லை, ஜி.எஸ்.டி. பற்றிப் பேச ஏற்கெனவே ஆள் இருக்கிறது" என்றார். அந்தத் தைரியத்தில் நிற்கிறேன்.

என் வீடு சமயநல்லூர். சிறு வயதில் வைகையில் தூண்டில் போட்டவன்தான். மண்புழு, இல்லையென்றால் கோதுமை மாவு உருண்டை. கெண்டை சிக்கும், கெளுத்தி சிக்கும், சில நாள் செருப்பும் சிக்கும். கம்பெனி வேலையாக அமெரிக்காவில் ஆரிகன் மாநிலத்துப் போர்ட்லாந்தில் ஒன்றரை வருடம் இருந்தபோதுதான் இந்த இன்னொரு வகையைப் பார்த்தேன். கூட வேலை பார்த்த பெரியவர் ஒருவர், ஒரு சிறிய முள்ளில் நூலைச் சுற்றி, இறகைச் சுற்றி, இரண்டே நிமிஷத்தில் ஒரு ஈயைச் செய்து என் உள்ளங்கையில் வைத்தார். ஊதினால் பறந்துவிடும் போலிருந்தது.

அங்கே இது ட்ரௌட் மீனுக்கும் ஸ்டீல்ஹெட் மீனுக்கும். இரண்டும் வேறு மீன் என்றுதான் நானும் நினைத்தேன். இல்லை. ஆற்றிலேயே தங்கிவிட்டால் அது ரெயின்போ ட்ரௌட். கடலுக்குப் போய்க் கொழுத்து, முட்டையிட ஆற்றுக்குத் திரும்பினால் அதே இனத்துக்கு ஸ்டீல்ஹெட் என்று பெயர். நம்மில் வெளிநாடு போய் வந்தவர்களைப் போலத்தான், திரும்பும்போது ஆள் கொஞ்சம் பெரிதாகத் தெரிவார். ஆற்றில் இருக்கும் ட்ரௌட் பூச்சி தின்று வாழ்கிறது, ஆகவே அதற்குக் கட்டும் ஈ உண்மையான பூச்சியைப் போல இருக்க வேண்டும். திரும்பி வரும் ஸ்டீல்ஹெட் பெரும்பாலும் இரை எடுப்பதில்லை. அதைச் சீண்டத்தான் வேண்டும். அதனால் அதற்குப் பெரிய முள், பளிச்சென்ற நிறம். ஆயிரம் தடவை வீசினால் ஒன்று சிக்கும் என்பார்கள். நான் ஆயிரத்துக்கு மேலேயே வீசியிருப்பேன், ஒன்றும் சிக்கவில்லை.

இது வெள்ளைக்காரன் விளையாட்டு, நமக்கு எதற்கு என்று கேட்கலாம். ரெயின்போ ட்ரௌட் நம் நீலகிரியிலேயே இருக்கிறது. 1860-களில் பிரான்சிஸ் டே என்ற மீனியல் அறிஞர் ட்ரௌட்டை நீலகிரிக்குக் கொண்டுவர முயன்று தோற்றார். பிறகு எச்.சி. வில்சன் என்பவர் 1907-ல் அவலாஞ்சியில் பொரிப்பகம் வைத்து அதைச் சாதித்தார். குளிர்ந்த, ஓடுகிற நீர் வேண்டும், அவ்வளவுதான். நம் வைகைத் தண்ணீரில் ஒரு நாள் தாங்காது. ஊர் திரும்பிய பின் முறைப்படி அனுமதி வாங்கி ஒரே ஒரு நாள் நீலகிரியில் வீசியிருக்கிறேன். முக்கால் அடியில் ஒரு மீன் சிக்கியது. விட்டுவிட்டேன். வீட்டில் இதை இன்னும் நம்பவில்லை.

ஆனால் பிடிப்பதைவிடக் கட்டுவதில்தான் எனக்கு ருசி. வெளிநாட்டுச் சாமான் விலையைக் கேட்டால் மயக்கம் வரும். நாம் இன்ஜினியர் இல்லையா? முள்ளைப் பிடிக்கும் வைஸுக்கு ஒரு பழைய கைத் துரப்பணத்தின் சக்கைக் கழற்றி, பத்து மில்லிமீட்டர் கம்பியில் பற்றவைத்து, ஜி-கிளாம்ப்பால் மேஜையில் இறுக்கினேன். நூற்கண்டைத் தாங்க சைக்கிள் ஸ்போக்கை வளைத்து, அதன் நுனியில் தீர்ந்துபோன பால்பாயிண்ட் பேனா ரீஃபில். நூல் அதன் வழியாக வர வேண்டும். ரீஃபில் விளிம்பில் பிசிறு இருந்தால் நூல் அறுந்துவிடும். இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு வாரம் ஆனது, மெக்கானிக்கல் பட்டம் வாங்கிய எனக்கு! உடம்புக்கு ஊட்டி ஸ்வெட்டரைப் பிரித்துச் சீவிய கம்பளி. மேலே வரிபோடப் பழைய பட்டுப் புடவையின் ஜரிகை. கோயிலில் தானாக உதிர்ந்து கிடந்த மயில் தோகையின் ஒற்றை இழையைச் சுற்றினால் வண்டின் பச்சை அப்படியே வரும். (உதிர்ந்த தோகையை உள்நாட்டில் வைத்துக்கொள்ளலாம், வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது.)

முக்கியமானது சேவல் கழுத்து இறகு. விறைப்பாக இருக்கும், தண்ணீர் குடிக்காது, அதை முள்ளைச் சுற்றி நிறுத்தினால் ஈ மிதக்கும். பெட்டைக்கோழி இறகு மெத்து, அது மூழ்கும் ஈக்கு. ஏறத்தாழ 1,800 ஆண்டுகளுக்கு முன்பே ஏலியன் என்ற ரோமானிய எழுத்தாளர், மக்கெதோனியாவில் முள்ளில் சிவப்புக் கம்பளி சுற்றி இரண்டு சேவல் இறகு கட்டிப் புள்ளி மீன் பிடித்ததை எழுதி வைத்திருக்கிறார். ஆக, இன்றைக்கும் சரக்கு மாறவில்லை. எனக்குக் கறிக்கடையில் தீபாவளிக்கு முதல் நாள் நாட்டுச்சேவல் கழுத்து சும்மாவே கிடைக்கிறது. சோப்பில் அலசி நிழலில் காயவைத்து வேப்பிலை போட்டு மூடி வைக்கிறேன்.

கடைசி முடிச்சு மட்டும் எனக்கு வராமலே இருந்தது. தலைப்பக்கம் நூல் பிரிந்துகொண்டே இருக்கும். ஒரு நாள் அம்மா மல்லிகை கட்டிக்கொண்டே பார்த்துவிட்டு, "என்னடா இது, பூக் கட்டத் தெரியாதவன் மாதிரி" என்று வாங்கினார். நாரை விரலில் ஒரு சுழி போட்டுக் காம்பில் மாட்டி இழுப்பது போலவே நூலைச் சுழித்து மூன்று தடவை இழுத்தார். அந்த ஈ இன்னும் பிரியவில்லை.

இனிமேல் சொல்வதைச் சொல்லலாமா வேண்டாமா என்று பஸ்ஸில் வரும்போதுகூட யோசித்தேன்.

பழைய இங்கிலாந்துப் பாணி சால்மன் ஈக்களில், கன்னத்தில் ஒரு கண் வைப்பார்கள். மெழுகுச் சொட்டு உறைந்த மாதிரி வெள்ளையும் மஞ்சளுமாய்ப் பளபளக்கும் இறகு. அது நம் சாம்பல் காட்டுக்கோழிச் சேவலின் கழுத்து இறகு. இந்தியாவைத் தவிர வேறெங்கும் காட்டில் இல்லாத பறவை. நம் கோழியின் மஞ்சள் தோல்கூட இந்தக் காட்டுக்கோழி வழி வந்ததுதான் என்று 2008-ல் மரபணு ஆய்வு காட்டியது. என் வீட்டு மாடியிலிருந்து தெரிகிறதே சிறுமலை, அங்கே கூவுகிறது. இறகுப் பைத்தியம் பொல்லாதது. 2009-ல் இங்கிலாந்தில் ட்ரிங் அருங்காட்சியகத்தில் புகுந்து, ஈ கட்டும் இளைஞன் ஒருவன் 299 பறவைத் தோல்களைத் திருடினான். அவனைப் பற்றிப் படித்தபோது சிரித்தேன்.

போர்ட்லாந்துப் பெரியவர் ஒருமுறை போனில், வளர்ப்புப் பறவையின் கழுத்து ஒன்று அங்கே நூறு டாலருக்கு மேல் என்றார். நான் டீக்கடையில் பேச்சுவாக்கில், "காட்டுக்கோழி இறகு எங்கேயாவது உதிர்ந்து கிடைக்குமாண்ணே?" என்று விசாரித்தேன். உதிர்ந்தது என்றுதான் சொன்னேன். ஒரு வாரம் கழித்து முன்பின் தெரியாத ஒருவர் வாசலில் நின்றார். மஞ்சப்பையில் செய்தித்தாளைப் பிரித்தார். முழுக் கழுத்து. இன்னும் ஈரம் காயவில்லை.

"கேட்டீகளாமே சார். ரெண்டாயிரம் குடுங்க போதும்."

கையில் வாங்கிப் பார்த்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். வெளிச்சத்தில் திருப்பியும் பார்த்தேன். அவ்வளவு அழகு. மனம் முள் சைஸைக்கூடக் கணக்குப் போட்டது. வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்தபோது அவருக்குக் கோபம். "அப்ப எதுக்குக் கேட்டீக? உங்களுக்காகத்தான் கண்ணி வச்சேன்" என்றார். 1972-ம் வருடச் சட்டம், தண்டனை என்று ஏதோ சொன்னேன். "அதெல்லாம் கேக்கும்போதே தெரியாதா?" என்றார். பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். உள்ளிருந்து அம்மா, "யாருடா?" என்று கேட்டதற்கு, "விலாசம் தெரியாம வந்துட்டாரும்மா" என்று சொன்னேன்.

நான் வாங்கவில்லை. ஆனால் அந்தக் கோழி நான் கேட்டதால் செத்தது. மறுநாள் அதே டீக்கடையில் போய் எல்லார் எதிரிலும், இனி எனக்காக யாரும் எந்த இறகும் கொண்டுவர வேண்டாம் என்று சொன்னேன். பாதிப் பேர் சிரித்தார்கள்.

இப்போது கண் வேண்டுமென்றால் கறுப்புச் சேவலின் கழுத்து இறகில் நகப்பூச்சால் வெள்ளைப் புள்ளி, அது காய்ந்ததும் மேலே மஞ்சள். இரண்டு பூச்சுக்கு நடுவே அரைமணி விட வேண்டும், இல்லையென்றால் கலங்கிவிடும். பெரியவருக்கு ஆறு அனுப்பினேன். ஐந்தைக் கட்டி ஆற்றில் இறக்கியிருக்கிறார். ஸ்டீல்ஹெட் கடித்ததா என்று கேட்டேன். "பெயிண்ட் உரியவில்லை" என்று பதில் போட்டார்.

சக், ஸ்போக், நூல், ஒரு பை நிறைய இறகு எல்லாம் கொண்டுவந்திருக்கிறேன். சாப்பாட்டுக்குப் பிறகு டிராயிங் ஹாலில் இருப்பேன். பூக் கட்டத் தெரிந்தவர்கள் முதலில் வரவும், எனக்கு வேலை குறையும்.