சாலையில் ஐந்தாம் கட்டளை

(வானொலியில் ஒலிபரப்பான ஞாயிறு மறையுரை)



நவம்பர், இறந்தோருக்காக நாம் மன்றாடும் மாதம். கல்லறைத் திருநாளன்று நம்மவர்களின் கல்லறையைக் கழுவி, மாலை சாற்றி, மெழுகுதிரி ஏற்றிவிட்டு வந்தோம். அன்று பக்கத்துக் கல்லறைகளில் எழுதியிருந்த பிறந்த ஆண்டையும் இறந்த ஆண்டையும் கழித்துப் பார்த்தீர்களா? 19 வயது, 23 வயது, 26 வயது என்று சில கண்ணில் படும். அவற்றில் நோயால் வந்த சாவு குறைவு. சாலையில் வந்த சாவுகள் உண்டு.

நவம்பரின் மூன்றாம் ஞாயிறான இந்நாளை, சாலை விபத்துகளில் பலியானோரை நினைவுகூரும் உலக நாளாக ஐக்கிய நாடுகள் அவை 2005-ஆம் ஆண்டு ஏற்றுக்கொண்டது. நம் நாட்டில் 2022-ஆம் ஆண்டில் மட்டும் 1,68,491 பேர் சாலையில் இறந்தார்கள். தமிழ்நாட்டில் 17,884 பேர். கணக்குப் போட்டால் நம் மாநிலத்தில் நாளொன்றுக்கு 49 பேர். நாட்டில் இறந்தவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர், வண்டி எதிலும் ஏறாமல் சும்மா நடந்து போனவர்.

ஒப்புரவு அருள்சாதனத்துக்கு முன் நாம் ஆன்ம சோதனை செய்கிறோம். பொய் சொன்னேனா, கோபப்பட்டேனா, ஞாயிறு திருப்பலியைத் தவறவிட்டேனா என்று கேட்டுக்கொள்கிறோம். வண்டி ஓட்டும்போது செல்போன் பார்த்தேனா, சிவப்பு விளக்கைத் தாண்டினேனா, ஒருவழிப் பாதையில் எதிர்த்திசையில் போனேனா என்ற கேள்விகள் அந்தப் பட்டியலில் வருவதே இல்லை. அது போலீஸ்காரர் பார்க்க வேண்டிய விஷயம் என்று ஒதுக்கிவிட்டோம்.

திருச்சபை அப்படி ஒதுக்கவில்லை. வேகத்தின்மீது கொண்ட ஆசையாலோ குடிபோதையாலோ சாலையில் தம் உயிரையும் பிறர் உயிரையும் ஆபத்துக்கு உள்ளாக்குவோர் பெரும் குற்றத்துக்கு ஆளாகிறார்கள் என்று கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் 2290-ஆம் எண்ணில் கூறுகிறது. ஐந்தாம் கட்டளையை விளக்கும் பகுதியில்தான் இது வருகிறது. 2007-ஆம் ஆண்டு வத்திக்கான், ஓட்டுநர்களுக்கென்றே பத்துக் கட்டளைகளை வெளியிட்டது. முதல் கட்டளை கொலை செய்யாதே என்பதுதான். சாலையில் எளியவரைக் காப்பாற்று என்பதும் அவற்றில் ஒன்று.

விடுதலைப் பயண நூலின் 21-ஆம் அதிகாரத்தில் ஒரு சட்டம் இருக்கிறது. ஒருவருடைய மாடு முட்டி யாராவது இறந்தால், மாட்டுக்காரர்மேல் பழி இல்லை. ஆனால் அது முட்டுகிற மாடு என்று முன்பே எச்சரிக்கப்பட்டும் அவர் அதைக் கட்டி வைக்காமல் விட்டிருந்தால், பழி அவரையே சேரும். நம்மில் இன்று மாடு வைத்திருப்போர் குறைவு, வண்டி வைத்திருப்போர் அதிகம். அது முட்டும் என்று நமக்கு நன்றாகவே தெரியும்.

மணிக்கு 40 கிலோமீட்டர் வேகம் பெரிய வேகமாகத் தோன்றாது. அந்த வேகத்தில் வண்டி ஒரு நொடிக்கு 11 மீட்டர் ஓடுகிறது. அழைப்பது யார் என்று செல்போனைப் பார்க்க மூன்று நொடி என்று வையுங்கள். 33 மீட்டர் தூரத்தைக் கண்ணை மூடிக்கொண்டு கடந்திருப்போம். கச்சேரி சாலையில் 33 மீட்டருக்குள் எத்தனை கடைகள், எத்தனை சந்துகள், எத்தனை பிள்ளைகள்!

இதை உங்களுக்குச் சொல்லும் நான் நல்லவன் அல்ல. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாலை, படுத்த படுக்கையாக இருந்த ஒரு பாட்டிக்கு நோயில்பூசுதல் கொடுக்க மயிலாப்பூரில் ஸ்கூட்டரில் போய்க்கொண்டிருந்தேன். சட்டைப் பையில் செல்போன் அடித்தது. அந்த வீட்டிலிருந்துதான் இருக்கும் என்று ஒரு கையால் எடுத்துப் பார்த்தேன். தலை நிமிர்ந்தபோது முன்சக்கரத்துக்கு ஒரு முழம் தள்ளி, வெள்ளைக் கோட்டின்மேல் ஒரு மூதாட்டி நின்றுகொண்டிருந்தார். பிரேக் பிடித்ததில் வண்டி சாய்ந்தது. பயத்தில் அவர் கையிலிருந்த பால் பாக்கெட் விழுந்து உடைந்தது. அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. திட்டக்கூட இல்லை. "பாத்துப் போப்பா" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

சாகக் கிடந்த ஒரு பாட்டியின் ஆன்மாவுக்காக ஓடிய நான், நலமாக நடந்து வந்த இன்னொரு பாட்டியைக் கொன்றிருப்பேன். அந்த வாரம் என் பாவசங்கீர்த்தனத்தில் இதைத்தான் முதலில் சொன்னேன். அத்தனை ஆண்டுகள் வண்டி ஓட்டியும், சாலையில் செய்த தவற்றை நான் பாவமென்று சொன்னது அதுவே முதல் முறை.

நடப்பவர்களுக்கும் பொறுப்பு உண்டு. காதில் பாட்டு, கையில் செல்போன், நிற்கும் பேருந்துக்கு முன்னால் புகுந்து ஓட்டம் என்று இருந்தால் ஓட்டுநர் என்ன செய்வார்? ஆனால் நடப்பவரைச் சாலைக்குத் தள்ளியது யார் என்றும் கேட்க வேண்டும். லஸ் பக்கம் மெட்ரோ வேலையால் பாதை ஏற்கெனவே குறுகிவிட்டது. ஞாயிறு காலை நாம் திருப்பலிக்கு அவசரமாக வந்து, வண்டியை நடைபாதைமேல் ஏற்றி நிறுத்துகிறோம். உள்ளே "சமாதானம்" என்று கைகூப்புகிறோம். வெளியே கைத்தடி ஊன்றி வரும் ஒரு பெரியவர், நம் வண்டியைச் சுற்றிக்கொண்டு பேருந்துகள் ஓடும் சாலையில் இறங்கி நடக்கிறார்.

நல்ல சமாரியர் உவமையும் சாலையில் நடந்த கதைதான். "உதவினால் போலீஸ், கோர்ட் என்று அலைய வேண்டுமே" என்று இனி யாரும் விலகிப் போக வேண்டாம். அடிபட்டவருக்கு நல்லெண்ணத்தோடு உதவுபவரைக் காக்க 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்திலேயே இடம் இருக்கிறது. தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், விபத்துக்குப் பின் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு அரசு பொறுப்பேற்கிறது. 108-ஐ அழையுங்கள். அடிபட்டவர் அருகில் நில்லுங்கள்.

அன்பானவர்களே, இந்த வாரம் மூன்று காரியங்கள் செய்வோம். வண்டியைக் கிளப்பும் முன் செல்போனைப் பையில் போட்டு மூடுவோம். வெள்ளைக் கோட்டில் கால் வைத்தவர் கடக்கும்வரை நிற்போம். மூன்றாவது, வீட்டில் இருப்பவர்களுக்கு. மகனோ மருமகளோ வண்டியில் வந்துகொண்டிருக்கும் நேரம் என்று தெரிந்தால், "எங்கே வர்றே?" என்று கேட்க அழைக்காதீர்கள். பாசத்தால் அடிக்கும் மணிதான் பல நேரம் அவர்கள் கண்ணைச் சாலையிலிருந்து திருப்புகிறது. பத்து நிமிடம் காத்திருங்கள். அந்த நேரத்தில் அவர்களுக்காக ஓர் அருள்நிறை மரியே சொல்லுங்கள்.

மன்றாடுவோம். ஆண்டவரே, சாலையில் உயிர் இழந்த எங்கள் உறவுகளை உம் ஒளியில் சேர்த்துக்கொள்ளும். அவர்களை இழந்து வாடும் பெற்றோரையும் பிள்ளைகளையும் தேற்றும். தம் கவனக்குறைவால் ஓர் உயிரைப் பறித்துவிட்டு, இரவில் தூங்க முடியாமல் தவிப்பவர்களையும் கைவிடாதேயும். எங்கள் கண்களையும் கைகளையும் காத்தருளும். ஆமென்.